தனிமைப் பாட்டுக்கு மீனவர் படம் எதற்கு? ஹொக்குசாயின் மரஅச்சு ஓவியம் ஒன்றைப் பற்றி

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஹொக்குசாய் வரைந்ததாகச் சொல்லி ஒரு ஜப்பானிய மரஅச்சுப் படம் வாங்கியிருக்கிறேன். ஆற்றில் ஆட்கள் வரிசையாக வலை இழுக்கிறார்கள், கரையில் தீ எரிந்து புகை போகிறது, மேட்டில் ஒரு வீட்டில் வயதான ஒருவர் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். மேலே கட்டத்துக்குள் ஜப்பானிய எழுத்து. அது நீண்ட இரவில் தனியாகத் தூங்குவதைப் பற்றிய பழைய கவிதை என்று விற்றவர் சொன்னார். கவிதைக்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம்? படம் அசல்தானா?"

இரண்டாவது கேள்விக்கு முடிவில் வருகிறேன். முதல் கேள்விதான் சுவையானது. இந்தப் படம் இருக்கும் தொகுதி முழுக்கவே இப்படித்தான். கவிதை ஒன்று சொல்லும், படத்தில் வேறு ஏதோ நடக்கும். பார்த்தவுடன் பொருந்தாத மாதிரி இருக்கும். கவிதையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பார்த்தால் படம் பிடிபடத் தொடங்கும்.

கவிதையின் ஒலி ஏறத்தாழ இப்படி:

அஷிபிக்கி நோ
யமதோரி நோ ஓ நோ
ஷிதாரி ஓ நோ
நகநகஷி யோ ஓ
ஹிதோரி கா மோ நென்

பொருளைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

மலையில் வாழும்
யமதோரிப் பறவையின் வால்,
கீழே தொங்கித் தொங்கி நீளும்
அந்த வால் போல நீண்டுகொண்டே போகும் இரவை
நான் தனியாகத்தான் தூங்கிக் கழிக்க வேண்டுமோ?

ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று மொத்தம் 31 அசைகள். தங்கா என்கிற செவ்வியல் யாப்பு இதுதான். இதில் முதல் மூன்று அடிகளை, அதாவது 17 அசைகளை, கவிஞர் வாலுக்கே கொடுத்துவிடுகிறார். சொல்ல வந்த விஷயம் கடைசி இரண்டு அடியில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எல்லாமே 'நீண்ட' என்ற ஒரே சொல்லுக்கு நம்மை இழுத்துக்கொண்டு போகிற முன்னுரை. நம் 'இன்' உருபு மாதிரி வருகிற 'நோ' அந்த மூன்று அடிகளுக்குள் நான்கு தடவை வருகிறது. மலையின், பறவையின், வாலின், தொங்கும் வாலின் என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகும். இரவு விடியாமல் இழுப்பதை அர்த்தம் சொல்வதற்கு முன்னாலேயே ஓசை சொல்லிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், படத்துக்குள் போகிற வழி இதுதான்.

யமதோரி ஜப்பானில் மட்டுமே வாழும் பறவை. மயில், காட்டுக்கோழி ஆகியவற்றின் குடும்பம். செம்பு நிற உடம்பு, உடம்பைவிட நீளமான வால், அந்த வாலில் பட்டை பட்டையாகக் கோடுகள். பகலில் ஜோடியாகத் திரியும், இரவானால் ஆண் ஒரு பக்கமும் பெண் ஒரு பக்கமுமாக இடையில் பள்ளத்தாக்கு இருக்கத் தனித்தனியே தூங்கும் என்பது பழைய ஜப்பானிய நம்பிக்கை. ஆகவே இந்தப் பறவை நீளத்துக்கு மட்டும் உவமையாக வரவில்லை. பெயரைச் சொன்னாலே பிரிவும் கூடவே வந்துவிடும்.

கவிதை கக்கினோமோதோ நோ ஹிதோமாரோ பெயரில் வழங்குகிறது. 7-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அரசவையில் பாடியவர். பின்னாளில் கவிதைக்கே தெய்வமாக வைத்துக் கும்பிடப்பட்டவர், அகாஷி ஊரில் அவருக்குக் கோயிலே இருக்கிறது. ஆனால் ஜப்பானின் மிகப் பழைய தொகைநூலான மன்யோஷுவில் இந்தப் பாட்டு பெயர் இல்லாமல்தான் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரச ஆணைப்படி தொகுக்கப்பட்ட ஷூயிஷூ என்ற நூல்தான் அதை ஹிதோமாரோ பாட்டாகச் சேர்த்தது. யாரோ ஒருவர் பாடிய பாட்டு பெரிய புலவர் பெயரில் ஏறிக்கொண்டிருக்கலாம். பாட்டின் தரத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அது ஹ்யாகுனின் இஷ்ஷு என்ற தொகுப்புக்குள் போனது. 'நூறு பேர், ஆளுக்கு ஒரு பாட்டு' என்று அர்த்தம். ஃபுஜிவாரா நோ தெய்கா என்ற கவிஞர் 1235 வாக்கில், கியோத்தோவுக்குப் பக்கத்தில் ஒகுரா மலையடிவாரத்தில் இருந்தபோது தேர்ந்தெடுத்தவை. உறவினர் ஒருவரின் வீட்டு நகரும் கதவுகளில் ஒட்டுவதற்காகப் பாட்டுகளைச் சதுரத் தாள்களில் எழுதிக்கொடுத்ததிலிருந்து வந்த தொகுப்பு என்பார்கள். உங்கள் படத்தின் மேலே சதுரக் கட்டத்துக்குள் கவிதை இருக்கிறதே, அந்த வடிவம் இந்தச் சதுரத் தாளின் வழக்கத்தைப் பின்பற்றி வருவதுதான். ஹிதோமாரோ பாட்டு இதில் மூன்றாவது.

இங்கே எடோ காலத்து மக்களைப் பற்றி, அதாவது ஹொக்குசாய் வாழ்ந்த, 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை நீண்ட காலத்து மக்களைப் பற்றி, கொஞ்சம் சொன்னால்தான் ஹொக்குசாய் செய்தது விளங்கும். இந்த நூறு பாட்டும் பண்டிதர் சொத்தாக நின்றுவிடவில்லை. அச்சுத்தொழில் பெருகியபோது சீட்டு விளையாட்டாக வீடு வீடாகப் போய்விட்டது. புத்தாண்டு வந்தால் குடும்பம் கூடி உட்கார்ந்து விளையாடுவார்கள். ஒருவர் பாட்டை முதலிலிருந்து படிப்பார். தரையில் பரப்பியிருக்கும் 100 சீட்டுகளில் கடைசி இரண்டு அடி மட்டும்தான் இருக்கும். எந்தப் பாட்டு என்று முதலில் கண்டுபிடித்து அந்தச் சீட்டைத் தட்டி எடுப்பவருக்கு அது சொந்தம். நன்றாக ஆடுகிறவர்கள் பாட்டு முடியும்வரை காத்திருக்க மாட்டார்கள். நூறில் ஏழு பாட்டுகளை முதல் அசையிலேயே கண்டுபிடித்துவிடலாம், அந்த அசையில் தொடங்கும் பாட்டு வேறு இல்லை. நம் ஹிதோமாரோ பாட்டுக்கு இரண்டு அசை வேண்டும். 'அஷி' என்று காதில் விழுந்தவுடன் கை 'நகநகஷி' சீட்டுக்குப் போய்விடும். இன்றும் ஒத்சு நகரத்தில் ஓமி கோயிலில் இந்த விளையாட்டுக்குப் பெரிய போட்டிகள் நடக்கின்றன. தொகுப்பின் முதல் பாட்டைப் பாடிய தெஞ்சி பேரரசருக்கான கோயில் அது.

ஆக, ஹொக்குசாய் படம் வரைந்தது இந்தப் பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்த ஜனங்களுக்கு. அவர்களுக்கு நீண்ட வால் பறவை ஒன்றையும் கட்டிலில் புரளும் ஆளையும் வரைந்து காட்டினால் என்ன புதிதாக இருக்கும்? அப்படிப்பட்ட படப்புத்தகங்கள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. ஹொக்குசாயின் சொந்த ஆசிரியர் கட்சுகவா ஷுன்ஷோவே 1775-ல் இந்த நூறு கவிஞர்களின் உருவங்களை வண்ண அச்சில் போட்டார். அரசவை உடையோடு கவிஞர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் பாட்டு இருக்கும். அழகான வேலைதான், ஆனால் பாட்டுக்குள் படம் நுழைவதில்லை.

ஹொக்குசாய் இந்தத் தொகுதியைத் தொடங்கியது 1835 வாக்கில், தம் 75 வயதை ஒட்டி. 'கனகாவா பேரலை' என்ற புகழ்பெற்ற படம் உள்ள ஃபூஜி மலைப் படங்கள் வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தொகுதிக்கு வைத்த பெயர் 'ஹ்யாகுனின் இஷ்ஷு ஊபா கா எதோகி'. ஊபா என்றால் குழந்தைக்குப் பால் கொடுத்து வளர்க்கும் செவிலி. எதோகி என்றால் படத்தைக் காட்டி விளக்கம் சொல்வது. நூறு பாட்டுக்கும் செவிலித்தாய் படம் காட்டிச் சொல்லும் விளக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். பண்டிதர் உரை வேண்டாம், வீட்டில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண் தனக்குத் தெரிந்த உலகத்தை வைத்துச் சொல்லட்டும் என்பது அந்தத் தலைப்பு.

சரி, இப்போது உங்கள் படத்துக்கு வாருங்கள்.

பறவை எங்கும் இல்லை. வாலும் இல்லை. ஆனால் நீளம் இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கிறது. வலையைப் பாருங்கள். ஆட்கள் வரிசையாக நின்று இழுக்க, அது அவர்களுக்குப் பின்னால் தண்ணீரில் வளைந்து இழுபட்டு வருகிறது. பறவை நடக்கும்போது வால் தரையில் இழுபடுகிற அதே வளைவு. அடுத்து புகை. கரைத் தீயிலிருந்து கிளம்பி ஒதுங்கி வளைந்து மேலே போகிறது. கீழே வலை, மேலே புகை, இரண்டு நீளமான வளைவுகள். கண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொன்றில் போய் முடிகிறது. கவிதையில் 'நோ, நோ' என்று கோத்துக்கொண்டு போன அந்த இழுவையை இவர் கோட்டில் கொண்டுவந்துவிட்டார்.

தீயைத் தனியாகக் கவனியுங்கள். ஜப்பானிய அச்சுப் படங்களில் இரவைக் காட்ட எல்லாவற்றையும் கறுப்பாக்க வேண்டும் என்பதில்லை. விளக்கோ தீயோ இருந்தால் பார்ப்பவர் இரவு என்று எடுத்துக்கொள்வார். கரையில் தீ மூட்டி இரவில் மீன் பிடிக்கிறார்கள். அப்படியானால் இவர்களும் தூங்கவில்லை. கவிஞருக்குத் தூக்கம் வராத அதே இரவு இவர்களுக்கு வேலை நேரம்.

மேட்டு வீட்டில் இருக்கும் வயதானவர் ஹிதோமாரோ. எடோ காலத்து ஆளுக்கு அது சட்டென்று தெரிந்திருக்கும், ஏனென்றால் ஹிதோமாரோவை முதியவராக, தளர்வாக உட்கார்ந்து எங்கோ பார்த்தபடி வரைவது பல நூற்றாண்டு வழக்கம். ஆனால் வழக்கமான உருவப்படத்தில் அவர்தான் தாள் முழுக்க இருப்பார். இங்கே அவரைச் சின்னதாக்கி மேலே தள்ளி வைத்துவிட்டு, முன்னால் உள்ள இடத்தை எல்லாம் வேலை செய்கிற ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறார். அவர்கள் உடையும் 7-ஆம் நூற்றாண்டு உடை இல்லை, ஹொக்குசாய் தெருவில் பார்த்த உழைப்பாளிகளின் உடை. கீழே பலர் ஒரே கயிற்றைச் சேர்ந்து பிடித்து இழுக்கிறார்கள். மேலே ஒருவர், யாரும் இல்லாமல், அவர்களைப் பார்த்துக்கொண்டு. 'தனியாக' என்ற கடைசி அடி இங்கேதான் இருக்கிறது. தனியாக இருக்கும் ஒருவரை வெறும் அறையில் காட்டியிருந்தால் அது இவ்வளவு உறைத்திருக்காது என்பது என் எண்ணம். சேர்ந்து வேலை செய்யும் கூட்டத்துக்கு மேலே வைத்ததால்தான் அந்தத் தனிமைக்கு அளவு தெரிகிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'அஷிபிக்கி' என்பது மலைக்கு முன்னால் வழக்கமாகப் போடும் அடைமொழி. அதன் மூலப் பொருள் மங்கிப்போன ஒன்று. ஆனால் அதை எழுதும்போது 'கால்', 'இழு' ஆகிய இரண்டு எழுத்துகளைப் போடும் வழக்கம் இருக்கிறது. படத்தில் கால் ஊன்றி இழுக்கிறவர்களை இதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. நான் இதை அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் ஹொக்குசாய் இந்த மாதிரி விளையாட்டுக்குத் தயங்குகிறவர் இல்லை.

அதற்கு அதே தொகுதியில் நல்ல சான்று இருக்கிறது. ஓனோ நோ தகமுரா என்ற கவிஞர் தாங் சீனாவுக்குப் போகும் தூதுக்குழுவோடு போக மறுத்ததால் 838-ல் ஓக்கி தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். படகில் ஏறும்போது பாடியது அவருடைய பாட்டு: பரந்த கடலில் எண்ணற்ற தீவுகளை நோக்கி நான் போய்விட்டேன் என்று என் ஆட்களிடம் சொல்லுங்கள், மீன்பிடி படகுகளே. இதில் மீனவரைக் குறிக்கும் 'அமா' என்ற சொல், மூச்சடக்கிக் கடலுக்குள் குதித்து அபலோன் சிப்பி எடுக்கும் பெண்களுக்கும் பெயர். ஹொக்குசாய் வரைந்தது அந்தப் பெண்களை. நுரைத்துச் சுழலும் கடல், பாறை, முங்கி எழும் பெண்கள், அவர்களைப் பார்க்கும் ஆண்கள் நிறைந்த படகு. நாடுகடத்தப்பட்டவரின் துயரத்தைப் பெரிதாக எங்கும் எழுதி வைக்கவில்லை. கரையில் விடப்பட்ட சேதி இவர்கள் காதில்தான் விழும், இவர்களோ தங்கள் மூச்சையும் பிழைப்பையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை வைத்துச் சிலர், செவிலி படிப்பில்லாதவள், சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு உளறுகிறாள், அதுதான் தொகுதியின் வேடிக்கை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சில படங்களில் அப்படி ஒரு குறும்பு இருக்கலாம். ஆனால் ஹிதோமாரோ படத்தில் தப்பாகப் புரிந்துகொண்ட எதுவும் இல்லை. நீளம், இரவு, தனிமை என்று பாட்டின் மூன்று எலும்புகளும் படத்தில் இருக்கின்றன. மாறியிருப்பது சதை மட்டும்தான். அரசவையின் பறவையை எடுத்துவிட்டு ஆற்றங்கரை வேலையை வைத்திருக்கிறார். பாட்டை நன்றாகச் செரித்தவரால்தான் இப்படிச் செய்ய முடியும். செவிலியின் அறியாமை இல்லை இது, அவளுடைய அனுபவம்.

தொகுதியில் வேறு படங்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் இது புரியும். ஜிதோ பேரரசியின் பாட்டில் வசந்தம் போய்க் கோடை வந்ததற்கு அடையாளமாகக் ககு மலையில் வெள்ளைத் துணி காயும். ஹொக்குசாய் அந்தத் துணியைச் சுமந்து போகும் ஆட்களைக் காட்டுகிறார். ஓனோ நோ கொமாச்சியின் புகழ்பெற்ற பாட்டு பூவின் நிறம் வீணே மங்கிப்போனதைச் சொல்கிறது. படத்தில் துணி அலசி விரிக்கும் வேலை நடக்கிறது, நிறம் போவதைப் பற்றி அவர்களைவிட அதிகம் தெரிந்தவர் யார்? தெய்கா தம் தொகுப்பில் சேர்த்த சொந்தப் பாட்டில் வராத காதலருக்காக நெஞ்சு உப்புச் சூளை போல எரிகிறது. அங்கே உப்புக் காய்ச்சும் சூளையும் புகையும். எல்லா இடத்திலும் பாட்டில் உவமையாக ஒதுங்கி நின்ற வேலையை முன்னால் இழுத்துவிடுகிறார். உவமை பிழைப்பாக மாறுகிறது.

தொகுதி முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபூஜி மலைப் படங்களைப் போட்ட பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சிதான் இதையும் தொடங்கினார். 5 படங்களோடு அவர் விலகினார். பிறகு இசேயா சன்ஜிரோ என்பவர் ஏற்றுக்கொண்டார். 27 படங்கள் அச்சான நிலையில் நின்றுவிட்டது. 1833-ல் தொடங்கிய தெம்போ காலப் பெரும் பஞ்சம் அப்போது நாட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அரிசி விலை ஏறும்போது படம் வாங்குகிறவர்கள் குறையத்தான் செய்வார்கள். படங்கள் சட்டென்று பிடிபடாததும் விற்பனையைப் பாதித்திருக்கும் என்கிறார்கள். அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1840-களின் நடுவில், ஹிரோஷிகே, குனியோஷி, குனிசதா என்ற ஓவியர்கள் மூன்று பேரும் சேர்ந்து இதே நூறு பாட்டுக்குப் படம் போட்டு நூறையும் முடித்தார்கள். அதில் ஒவ்வொரு பாட்டையும் நாடகக் கதையோடும் வரலாற்றுக் கதையோடும் இணைத்து, படத்துக்குள்ளேயே விளக்கமும் எழுதிவிட்டார்கள். ஹொக்குசாய் தம் படத்தில் பாட்டைத் தவிர ஒரு வரி விளக்கம் வைக்கவில்லை.

அச்சேறாத பாட்டுகளுக்கும் அவர் வரைந்து வைத்திருந்தார். அந்தக் கோட்டோவியங்கள் 60-க்கு மேல் இன்றும் இருக்கின்றன, அவற்றில் ஒரு பெரும்பகுதி வாஷிங்டன் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அச்சானவற்றின் மூல ஓவியங்கள் அழிந்து, அச்சாகாதவற்றின் மூலங்கள் மட்டும் ஏன் பிழைத்தன? காரணம் தொழில்முறையிலேயே இருக்கிறது. ஓவியர் மெல்லிய தாளில் கறுப்பு மையில் கோடு மட்டும் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைக் காட்டுச் செர்ரிப் பலகையில் முகம் கீழே இருக்கும்படி ஒட்டுவார். தாளின் பின்பக்கத்தை விரலால் தேய்த்து உரித்தால் கோடுகள் இடவலம் மாறிப் பளிச்சென்று தெரியும். பிறகு சின்னக் கத்தியால் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் கீறி, இடையில் உள்ள மரத்தை உளியால் எடுத்துவிடுவார். கோடு மட்டும் மேடாக நிற்கும். தாளும் மரத்தோடு சேர்ந்து செத்தையாகப் போய்விடும். ஓர் ஓவியம் அச்சாக வேண்டுமானால் அழிந்தே ஆக வேண்டும்.

உங்கள் படத்தில் கவிதை எழுதிய கட்டத்தை உற்றுப் பாருங்கள். தூரிகையில் ஒரே ஓட்டமாக எழுதியது போல மெலிந்தும் தடித்தும் எழுத்துகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓடுகின்றன. அதில் மெல்லிய இடம் தலைமுடி அளவுதான் இருக்கும். தூரிகை நொடியில் விட்டுச் சென்ற அந்த மெலிவை மரத்தில் மேடாக நிறுத்த, இரண்டு பக்கமும் கத்தி எவ்வளவு பொறுமையாக நடந்திருக்க வேண்டும்! தலைமுடி, முகம் போன்ற நுட்பமான பகுதிகளைப் பட்டறையில் தலைமைச் செதுக்குநர் எடுத்துக்கொள்வார், உடை, பின்னணியெல்லாம் மற்றவர்கள் வேலை. இவர்கள் பெயர் பெரும்பாலும் படத்தில் வருவதில்லை. ஹொக்குசாயின் கோடு என்று நாம் பாராட்டுவது பாதி அவர்களுடையது.

கோட்டுப் பலகை தயாரானதும் அதிலிருந்து சில படிகள் எடுத்து, எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்று குறித்து, வண்ணம் ஒவ்வொன்றுக்கும் தனிப்பலகை வெட்டுவார்கள். தாள் பலகைக்குப் பலகை நகராமல் உட்கார, ஒரு மூலையிலும் ஒரு விளிம்பிலும் சிறு தடுப்பு செதுக்கியிருப்பார்கள். ஈரம் ஏற்றிய தாளைப் பலகையில் கவிழ்த்து, மேலே பாரென் என்ற வட்டமான தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார்கள். மூங்கில் மடலைக் கயிறாகத் திரித்து வட்டமாகச் சுருட்டி, மேலே மூங்கில் மடலால் போர்த்தியது அது. எந்திர அழுத்தம் கிடையாது, கையின் பலம்தான். தண்ணீரில் நீலம் ஒரு பக்கம் ஆழமாகத் தொடங்கி மெல்ல வெளுக்கிற இடம் இருந்தால், அச்சடிப்பவர் ஒவ்வொரு தாளுக்கும் பலகையில் வண்ணத்தைக் கையால் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்தது அது. அந்த நீலம் ஐரோப்பாவில் கண்டுபிடித்த பிரஷ்யன் நீலம். 1830-ஐ ஒட்டி எடோ நகரத்தில் (இன்றைய தோக்கியோ) தாராளமாகப் புழங்க ஆரம்பித்து, ஹொக்குசாயின் தண்ணீருக்கும் வானத்துக்கும் அந்த ஆழத்தைக் கொடுத்தது.

இப்போது இரண்டாவது கேள்வி. படத்தைப் பார்க்காமல் நான் அசல் என்றோ போலி என்றோ சொல்ல முடியாது, ஆனால் நீங்களே பெரும்பகுதி சோதித்துவிடலாம். ஒரு நல்ல பூதக்கண்ணாடி எடுத்து வண்ணப் பகுதியைப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள் சீராகத் தெரிந்தால் அது ஆஃப்செட் எந்திரத்தில் அடித்த நவீனப் படம், அத்தோடு விஷயம் முடிந்தது. புள்ளி இல்லாமல் வண்ணம் தாளுக்குள் இறங்கியிருந்தால் மரஅச்சாக இருக்க வாய்ப்புண்டு. தாளைத் திருப்பிப் பாருங்கள். மல்பெரி இனச் செடியின் நாரில் செய்த தாளில் வண்ணம் பின்பக்கம் வரை ஊறித் தெரியும், பாரென் தேய்த்த தடங்களும் சாய்ந்த வெளிச்சத்தில் தென்படும்.

மரஅச்சு என்று உறுதியானாலும் அது ஹொக்குசாய் காலத்தது என்று ஆகிவிடாது. 19-ஆம் நூற்றாண்டின் முடிவிலிருந்து இன்றுவரை திறமையான பட்டறைகள் புதிய பலகை வெட்டி மறுஅச்சு போட்டு வருகின்றன. அவை மோசடி இல்லை, பெரும்பாலும் ஓரத்தில் செதுக்கியவர், அச்சிட்டவர் பெயரோடு நேர்மையாகவே விற்கப்படுகின்றன. அந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் பழையது என்று விற்பவர்களிடம்தான் சிக்கல். 'கிவாமே' என்ற வட்டமான தணிக்கை முத்திரையும் பதிப்பாளர் முத்திரையும் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், மறுஅச்சில் அவற்றையும் சேர்த்தே வெட்டுவார்கள். அளவைப் பாருங்கள், அசல் கிடைமட்டமாக ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். ஓரம் கத்தரித்திருந்தால் சற்றுக் குறையும்.

கடைசியாகச் செய்ய வேண்டிய சோதனைதான் அதிகம் உதவும். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் ஹொக்குசாய் அச்சுப் படங்கள் ஏராளமாக இருக்கின்றன. தெளிவான படங்களை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். உங்கள் படத்தையும் அங்கே உள்ள இதே படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிடுங்கள். கட்டத்து எழுத்தின் வளைவுகள், புகையின் விளிம்பு, மீனவர் விரல்கள், வெளிக்கோட்டில் எங்கே சின்ன முறிவு இருக்கிறது என்பது வரை. ஒரே பலகையில் அடித்தவை என்றால் கோட்டின் முறிவுகளும் ஒத்துப்போகும், தேய்மானம் மட்டும் கூடக் குறைய இருக்கும். வேறு பலகை என்றால் எவ்வளவு கவனமாக வெட்டியிருந்தாலும் எங்காவது ஒரு வளைவு இறுகியோ தளர்ந்தோ இருக்கும். ஒத்துப்போனால் அப்புறம் ஜப்பானிய அச்சுகளில் அனுபவமுள்ள ஒரு நிபுணரிடம் நேரில் காட்டுங்கள். ஃபோட்டோ அனுப்பி முடிவு கேட்காதீர்கள், தாளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நல்ல நிபுணர் எவரும் முடிவு சொல்ல மாட்டார்.

எதுவாக இருந்தாலும் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். பிரஷ்யன் நீலம் ஓரளவு தாங்கும், செடியிலிருந்து எடுத்த சிவப்பும் ஊதாவும் வெளிச்சத்தில் சீக்கிரம் போய்விடும். அருங்காட்சியகங்களே இவற்றை மங்கல் வெளிச்சத்தில், கொஞ்ச நாள் மட்டும் வெளியே வைத்துவிட்டு உள்ளே எடுத்துவிடுகின்றன. சட்டம் போடுகிறவரிடம், தாள் கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளி விடச் சொல்லுங்கள், பின்னால் அமிலம் இல்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். பசையோ செல்லோடேப்போ தாளில் படவே கூடாது.